ஆல்டோக்காரியின் மகள்

பத்துப் பிள்ளைகள் ஒன்றாகக் கத்தினாலும் அதில் என் மகளின் சத்தத்தைத் தனியாகப் பிரித்துச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. பெற்றவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்பீர்கள். எல்லாருக்கும் தெரியாது. பள்ளி ஆண்டுவிழாவில் பக்கத்து வீட்டுப் பிள்ளை பாடியதற்குக் கண்ணீர் விட்டுக் கைதட்டிய தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். என் காது அப்படி ஏமாறாது. சின்ன வயதிலிருந்தே அதைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் சபையின் பாடகர் குழுவான கொயரில் நான் ஆல்டோ.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாறசாலைப் பக்கத்துப் பழைய கிறிஸ்தவ மிஷன் சபைகளில் பாட்டு ஒரே குரலில் எழும்பாது. நாலு குரல் உண்டு. மெட்டைப் பாடுகிற பெண்கள் டிரெபிள். அவர்களுக்குக் கீழே, அதே வார்த்தைகளை வேறொரு வழியில் கொண்டுபோகிறவர்கள் ஆல்டோ. ஆண்களில் டெனரும் பேஸும். கல்யாண வீடோ சாவு வீடோ, யாராவது ஒருவர் பாட்டை எடுத்தால் போதும், மற்றவர்கள் யாரும் சொல்லாமலே அவரவர் குரலுக்குப் போய்விடுவார்கள். டிரெபிள் பாடுகிறவளை ஊருக்கே தெரியும். ஆல்டோ பாடுகிறவளை அவள் வராத ஞாயிற்றுக்கிழமைதான் தேடுவார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு, மறைப்பானேன்.

என் மகள் கைக்குழந்தையிலிருந்தே ஆல்டோ பெஞ்சில் வளர்ந்தவள். சனிக்கிழமை சாயங்காலப் பயிற்சிக்கும் என்னோடுதான் வருவாள். நான் பாட, என் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு தூங்குவாள். மூன்று வயதில் முனக ஆரம்பித்தபோது சபையில் எல்லாரும் பாடும் மெட்டை விட்டுவிட்டு என் வரியைத்தான் முனகினாள். கொயர் மாஸ்டர் கீபோர்டை நிறுத்திவிட்டு, ஆல்டோவுக்கு வாரிசு வந்தாச்சு என்று சிரித்தார். எனக்கு அன்றைக்குத் தரையில் கால் நிற்கவில்லை.

டிரெபிள் பெஞ்சில் எனக்கு நேர் முன்னால் நிற்பவள் என் சிநேகிதி. என்னைவிட மூத்தவள், அதனால் அக்கா. என் மகள் படிக்கிற பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சரும் அவள்தான். பள்ளி கேட்டுக்கு உள்ளே டீச்சர், வெளியே வந்தால் அக்கா. என் நாக்கு அதைத் தானாகவே மாற்றிக்கொள்ளும். என் பிரசவத்தின்போது நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் எனக்குக் கூட நின்றவள் அவள். பிள்ளையை என் கைக்கு முன்னால் அவள் கைதான் வாங்கியது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், முகம் தெரியாத யாரோ ஒருத்தி செய்திருந்தால் நான் இவ்வளவு தூரம் வெந்துபோயிருக்க மாட்டேன்.

சின்னப் பிள்ளைகளின் பள்ளிகளில் பாட்டுக்கென்று தனி ஆசிரியர் பெரும்பாலும் கிடையாது. எந்த டீச்சருக்குப் பாட வருமோ அவர் தலையில் அது விழும். அப்படி, சுற்றுவட்டாரப் பள்ளிகளெல்லாம் போட்டி போடுகிற உபஜில்லா கலோத்சவத்துக்குக் குழுப்பாட்டு தயார்செய்கிற வேலை அக்காவுக்கு வந்தது. மூன்றிலும் நான்கிலுமாக ஏழு பிள்ளைகள் வேண்டும். என் மகளைச் சேர்த்திருக்கிறேன் என்று அக்காவே சபை வாசலில் வைத்துச் சொன்னாள். நான் கேட்கவில்லை. சிபாரிசு செய்யவில்லை. கேட்டு வாங்கியிருந்தால் இன்றைக்கு என்னை நானே திட்டி ஆறிக்கொள்ளலாம், அதற்கும் வழியில்லை.

அக்காவுக்குக் குழந்தைக் குரலைப் பற்றி நன்றாகத் தெரியும். இதையும் சொல்லத்தான் வேண்டும். மற்றப் பள்ளிகளில் பெரியவர்கள் தங்கள் தொண்டைக்கு வசதியான சுருதியில் பெட்டியை வைத்துவிட்டு, பாடு பாடு என்று பிள்ளைகளை விரட்டுவார்கள். அந்தச் சுருதிக்கு எட்டு வயதுத் தொண்டை இறங்காது. இறங்காத இடத்தில் பிள்ளை கத்தும், கத்தினால் கரகரக்கும், கரகரத்தால் உனக்குப் பாட்டு வராது என்று சொல்லிவிடுவார்கள். அக்கா அப்படிச் செய்கிறவள் இல்லை. சுருதியைப் பிள்ளைகளுக்குத் தக்கபடி ஏற்றி வைப்பாள். முதலில் வாயை மூடி முனகச் சொல்வாள். கொட்டாவி விடுகிறதுபோலத் தொண்டையைத் திறக்கச் சொல்வாள். ஒருத்தியையும் கத்த விடமாட்டாள். இவ்வளவும் தெரிந்தவளிடம் என் பிள்ளை போகிறாள் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

பயிற்சியை மட்டும் பார்க்க விடவில்லை. பெற்றோர் வந்து நின்றால் பிள்ளைகளின் கவனம் சிதறும் என்றாள். நியாயந்தானே என்று நானும் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்து காத்துக் கிடந்தேன். அக்கா வெளியே வரும்போது, பிள்ளை எப்படிப் பாடுகிறாள் என்று கேட்பேன். நல்லாத்தான் பாடுதா, அம்மையப்போலத்தானே இருப்பா என்பாள். வேறு எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கலாம். அம்மையைப்போல என்று என் மனம் குளிர்கிற மாதிரிச் சொன்னாள்.

நான் சும்மா இருக்கவில்லை. ஏழு பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரிப் பாவாடை சட்டை வேண்டும் என்று அக்கா சொன்னதும், பாலராமபுரத்துக்குப் போய்க் கரைத்துணி எடுத்து வந்தேன். உதியன்குளங்கரையில் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, ஏழு வீட்டுக்கும் போய் அளவெடுத்தேன். தையல்காரியிடம் சண்டை போட்டு நேரத்துக்கு வாங்கினேன். என் மகளுடையதைவிட மற்றப் பிள்ளைகளுடையதற்கு அழுத்தி இஸ்திரி போட்டேன், ஓரவஞ்சனை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

சாயங்காலம் வீட்டில் அந்தப் பாட்டைப் பாடச் சொல்வேன். அழகாகப் பாடுவாள். மெட்டு ஒரு இடத்தில்கூடப் பிசகாது. மேலே போகிற இடத்தில் அந்தச் சின்னக் கழுத்து கொஞ்சமும் இறுகாமல் சத்தம் தானாக ஏறும். என் வீட்டுக்காரருக்கும் பாட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவரே டிவியை அணைத்துவிட்டுக் கேட்பார். முடித்ததும் அவள் என் முகத்தைப் பார்ப்பாள். பாராட்டுக்காகப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கலோத்சவம் வேறொரு பள்ளியில் நடந்தது. மைதானத்தில் பந்தல், வகுப்பறைகளில் சின்ன மேடைகள், எங்கு பார்த்தாலும் பவுடர் பூசிய பிள்ளைகள். எங்கள் பிள்ளைகளின் எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். ஏழு பேரும் பாதி வட்டமாக நின்றார்கள். என் மகள் ஓரத்திலிருந்து இரண்டாவது. சுருதி எழுந்தது, பாட்டு தொடங்கியது. ஒரே நூலில் கோத்த மாதிரி அவ்வளவு சுத்தமாக இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு என் பிள்ளையைத் தேடினேன்.

கிடைக்கவில்லை.

ஆறு குரல்களையும் என்னால் பிரிக்க முடிந்தது. மூக்கால் பாடுகிறவள், வார்த்தையின் கடைசியை விழுங்குகிறவள், மூச்சு போதாமல் நடுவில் விடுகிறவள், எல்லாரும் இருந்தார்கள். கண்ணைத் திறந்து பார்த்தால் என் மகளின் வாய் மற்றவர்களைவிட அழகாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. மைக் அவளுக்குத் தூரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசி வரியில் ஏழு கையும் ஒன்றாக உயர்ந்தது, கைதட்டல் பறந்தது, நானும் தட்டினேன்.

முதல் இடம் எங்களுக்குத்தான். சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது, குழுவில் இருந்த இன்னொரு பிள்ளையின் அம்மா என் தோளைத் தட்டினாள். பெருங்கடவிளையிலிருந்து வருகிறவள், நல்ல மனசுக்காரி. என் மகளின் கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"உங்க மோளு மிடுக்கிதான் கேட்டியளா. ஒரு மாசமா சத்தமே விடாம வாய மட்டும் அசைச்சிட்டு நிக்க பெரியவங்களுக்கே முடியுமா?"

அவள் குத்திக் காட்டவில்லை. மெய்யாகவே பாராட்டினாள். எனக்குத் தெரிந்த விஷயத்தைத்தான் பேசுகிறோம் என்று நினைத்திருந்தாள். ஆறு பிள்ளைகளுக்குத் தெரியும், அவர்களுடைய அம்மாக்களுக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் அளவெடுக்கப் போனபோது எனக்குத் தேயிலை போட்டுக் கொடுத்த அத்தனை பேருக்கும் தெரியும். கையில் இலையை வைத்துக்கொண்டு நான் சிரித்தேன். வேறு என்ன செய்ய? கொஞ்சம் தள்ளி அக்கா நடுவர்களோடு பேசிக்கொண்டு நின்றாள், முகமெல்லாம் சிரிப்பு. இவ்வளவு நாளும் என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறாள், நான் குனிந்து காட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மகளுக்கு உடுப்பை மாற்றும்போது மெதுவாகக் கேட்டேன். கேள்வி முடியுமுன்பே அவள் முகம் வெளுத்துவிட்டது. நான் சொல்லலை, நான் சொல்லலை என்று அழ ஆரம்பித்தாள். சொல்ல மாட்டேன் என்று கொடுத்த வாக்கை மீறியதாகத் தன் மேல் பழி விழுகிறது என்று நினைத்தாள், பாவம். மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்த பிறகுதான் சொன்னாள்.

"சத்தம் வெளிய விடண்டாம், வாய் மட்டும் அசைச்சா போதும்னு டீச்சர் சொன்னாங்க. அம்மா கிட்ட சொன்னா அம்மா வருத்தப்படும்னும் சொன்னாங்க."

சாயங்காலந்தோறும் பாடி முடித்து அவள் என் முகத்தைப் பார்த்தது எதற்கு என்று அப்போது புரிந்தது. நான் கண்டுபிடித்துவிட்டேனா என்று பார்த்திருக்கிறாள். நான் வருத்தப்படக் கூடாது என்பதற்காக எட்டு வயதுப் பிள்ளை பள்ளியில் ஊமையாக நின்றுவிட்டு, வீட்டில் வந்து எனக்காக வாய்விட்டுப் பாடியிருக்கிறாள். வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, பிரைஸ் கிடைச்சுதுல்லா, பின்னே என்ன என்றார். அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டதே பெரிய காரியம்.

மறுநாள் மகளை உட்காரவைத்துப் பார்த்தேன். அக்கா இப்படிச் செய்ய ஏதாவது காரணம் இருக்கும், என் காதுக்குத் தெரியாத குறை ஏதாவது இருக்கும் என்று இன்னும் ஒரு ஓரத்தில் அவளுக்காக வாதாடிக்கொண்டிருந்தேன். தனியாகப் பாடச் சொன்னேன். கெஞ்சிக் கேட்ட பிறகு பாடினாள். குறை ஒன்றுமில்லை. பிறகு நானும் சேர்ந்து பாடினேன், பள்ளிப் பாட்டு என்பதால் மெட்டையே பாடினேன். என் சத்தம் சேர்ந்ததுதான் தாமதம், அவள் சத்தம் இறங்கி எனக்குக் கீழே போய் நின்றது. அங்கிருந்து என்னோடு கூடவே நடந்து வந்தது. நான் நிறுத்தினேன், அவள் மறுபடி மெட்டுக்கு ஏறினாள். நான் சேர்ந்தேன், அவள் இறங்கினாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து பாடினால் நம்முடைய இடம் கீழே என்று அவளாகவே பெஞ்சில் படித்திருக்கிறாள். எல்லாரும் ஒரே மெட்டில் போகிற பாட்டும் உலகத்தில் உண்டு என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் ஒரு வாரத்தில் சரியாகியிருக்கும். அவளை ஒருநாள் தனியாகப் பாடவைத்துக் கேட்டால் போதும், எந்த டீச்சருக்கும் விளங்கியிருக்கும். ஆனால் நடுவர் வேறு ஊர்க்காரர், சபைப் பாட்டு கேட்டு வளர்ந்தவர் இல்லை. அவர் காதில் அது சுருதி பிசகிய பிள்ளை என்றுதான் விழும். அக்காவும் அப்படித்தான் தவறாக நினைத்திருப்பாள் என்று முடிவு செய்தேன். தவறு என்றால் மன்னித்துவிடலாம். மன்னிக்கத்தான் ஆசைப்பட்டேன்.

அந்தச் சனிக்கிழமை பயிற்சிக்கு மகளை அழைத்துப் போகவில்லை. பயிற்சி முடிந்து எல்லாரும் செருப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்காவை மட்டும் ஆலயத்துக்குப் பக்கவாட்டில், கிணற்றடிக்குக் கூப்பிட்டேன்.

"டீச்சர், எனக்க மக சுருதி தப்பியா பாடினா?"

சபை வளாகத்தில் வைத்து நான் அவளை டீச்சர் என்று அழைத்தது அதுவே முதல் தடவை. அவளுக்கு அது உறைத்தது. சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"தப்பல்ல. அது ஆல்டோ ஆக்கும். மொத நாளே எனக்குத் தெரியும்."

நான் சண்டைக்கு வார்த்தைகளைத் தயார்செய்துகொண்டு போயிருந்தேன். எல்லாம் தெரியாமல் செய்தவளுக்கான வார்த்தைகள். எத்தனை வருடம் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பாடியிருக்கிறேன். என் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் அவள் தன் சத்தத்தைச் சுருதியில் நிலைநிறுத்துவாள், அது அவளே சொன்னது. அந்தச் சத்தம் என் பிள்ளையின் வாயிலிருந்து வந்தபோது அவளுக்குத் தெரியாமல் எப்படிப் போகும்? எனக்குத்தான் புத்தி இல்லை.

அவளே பேசினாள். ஜட்ஜுக்கு அது விளங்காது, மார்க் போய்விடும் என்றாள். திருத்த நேரம் இல்லை, மற்ற ஆறு பேரும் அவள் பின்னால் இழுபட்டார்கள் என்றாள். அப்படியானால் அவளை எடுத்துவிட்டு வேறு பிள்ளையைச் சேர்த்திருக்கலாமே என்று கேட்டேன்.

"சேத்தாச்சுன்னு உன்கிட்ட சொல்லியாச்சே மக்கா. பின்னே எப்பிடி எடுத்து மாத்த? உனக்கு வருத்தம் வரும்லா. நீ துணியெல்லாம் எடுத்திட்டு வந்து ஓடிட்டிருக்க, உன் மூஞ்சியப் பாத்து நான் என்னண்ணு சொல்ல?"

ஆக, எல்லாம் எனக்காகத்தான். என் மூஞ்சிக்காக என் பிள்ளையின் வாயைக் கட்டியிருக்கிறாள். அதை அவளே நம்பினாள், அதுதான் என்னால் தாங்க முடியாதது. கண்ணில் கொஞ்சம் தண்ணீர்கூட இருந்தது. நான் திட்டவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் சொல்லாமல் விட்ட திட்டு வாய்க்குள் கொதித்தது.

அன்றைக்குக் கெஞ்சிப் பாடவைத்ததற்குப் பிறகு, அந்த வாரம் முழுக்க என் மகள் வீட்டிலும் பாடவில்லை. இனி யாருக்கும் மறைக்க வேண்டியதில்லை, அதனால் பாடவும் வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. நான் வற்புறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில், பழக்கப்பட்ட பெஞ்சில், நாலு குரலும் எழும்பும்போது தானாக வந்துவிடும் என்று நம்பினேன். அங்கே அவளை யாரும் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். அவளுடைய இடம் அதுதான்.

ஆராதனை தொடங்கியது. பாட்டு எழுந்தது. அக்கா வழக்கம்போல எங்களுக்கு நேர் முன்னால் நின்றாள், அவள் குரல் கண்ணாடி துடைத்த மாதிரிப் பளிச்சென்று மேலே போனது. நான் என் வரியைப் பாடிக்கொண்டே மகளின் பக்கம் காதைச் சாய்த்தேன். வாய் திறந்தது, மூடியது. வார்த்தைகள் எல்லாம் சரியாக இருந்தன. மூச்சுகூட என்னோடு சேர்ந்து எடுத்தாள். சத்தம் மட்டும் இல்லை. பாடு மக்கா என்று அவள் காதில் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு இன்னும் அழகாக வாயை அசைத்தாள்.

இரண்டாவது சரணத்தில் என் கையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். முன்னால் நிற்கிற முதுகை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, என் காதோடு வாய் வைத்து, எனக்கு ஒரு ஆபத்து வரப்போகிறது என்கிற மாதிரிச் சொன்னாள்.

"மெதுவா பாடு அம்மா. டீச்சருக்குக் கேக்கும்."

எனக்கு வந்த ஆத்திரத்தை ஆலயத்தில் வைத்து எங்கே கொட்டுவது? பாட்டில்தான் கொட்டினேன். கீழ் வரியை அவ்வளவு சத்தமாக நான் ஒருநாளும் பாடியதில்லை. பெஞ்சில் இருந்த மற்ற ஆல்டோக்காரிகள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். கொயர் மாஸ்டர் கீபோர்டுக்கு மேலாகத் தலையைத் தூக்கினார். கேட்கட்டும், நன்றாகக் கேட்கட்டும் என்று பாடினேன். முன்னால் அந்தத் தலை லேசாகத் திரும்பியது. அதைப் பார்த்ததும் என் மகள் பிடித்திருந்த என் கையை விட்டாள். பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்து போய், என்னோடு வராதவளைப்போல உட்கார்ந்துகொண்டாள்.